படிக்காமல் போடும் கையெழுத்து: இயங்குதள உரிம ஒப்பந்தமும் நம் அந்தரங்கமும்

மூன்றாம் ஆண்டு மாணவன், கணிப்பொறிப் பொறியியல் பட்டயப் படிப்பு



ஒரு கம்ப்யூட்டரை ஃபார்மெட் பண்ணி விண்டோஸ் போடும்போது, நடுவில் ஒரு திரை வரும். பொடிப்பொடியாய் ஆங்கில எழுத்து. இழுக்க இழுக்க முடியாமல் போய்க்கொண்டே இருக்கும். கீழே 'அக்செப்ட்' என்று ஒரு பட்டன். நாம் என்ன செய்கிறோம்? எழுத்தைப் பார்ப்பதே இல்லை. கை நேராகப் பட்டனுக்குத்தான் போகிறது. புதுப் போன் வாங்கினாலும் இதே கதைதான்.

அந்தப் பொடி எழுத்துக்குப் பெயர் 'எண்ட் யூசர் லைசென்ஸ் அக்ரிமென்ட்'. சுருக்கமாக 'யூலா' என்பார்கள். தமிழில் இறுதிப் பயனர் உரிம ஒப்பந்தம் எனலாம். ஆப்பரேட்டிங் சிஸ்டம் பாடத்தில் பிராசஸ், பேஜிங், டெட்லாக் என்று மதிப்பெண்ணுக்காக நிறையப் படிக்கிறோம். ஆனால் அந்த ஆப்பரேட்டிங் சிஸ்டத்தைத் தொடுவதற்கு முன்பே நாம் ஒத்துக்கொள்ளும் இந்த ஒப்பந்தத்தைப் பற்றி யாரும் நம்மிடம் கேள்வி கேட்பதில்லை. அதில் என்ன இருக்கிறது, அது நம் அந்தரங்கத்தை எப்படித் தொடுகிறது, நாம் என்ன செய்யலாம் என்பதை எனக்குத் தெரிந்த வரையில் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

வாங்கியதா, வாடகையா?

முதலில் ஒரு அடிப்படைக் கேள்வி. கடையில் பணம் கொடுத்து ஒரு மென்பொருள் வாங்கினால் அது நமக்குச் சொந்தமா?

சென்னை மூர் மார்க்கெட்டில் பழைய புத்தகம் வாங்குகிறோம். படித்து முடித்ததும் இன்னொருவருக்கு விற்கலாம், தம்பிக்குக் கொடுக்கலாம். அந்தப் பிரதி நம்முடையது. எழுதியவருக்கு அதில் உள்ள எழுத்தின் மேல் காப்புரிமை உண்டு, ஆனால் அந்த ஒரு பிரதியை நாம் என்ன செய்கிறோம் என்று அவர் கேட்க முடியாது. மென்பொருளில் கதை வேறு. விண்டோஸ் ஒப்பந்தத்திலேயே 'இந்த மென்பொருள் விற்கப்படவில்லை, உரிமம்தான் தரப்படுகிறது' என்ற பொருளில் ஒரு வரி இருக்கிறது. அதாவது நாம் வாங்கியது மென்பொருளை அல்ல, சில நிபந்தனைகளுக்கு உட்பட்டு அதைப் பயன்படுத்தும் அனுமதியை மட்டும்தான்.

இது வெறும் வார்த்தை விளையாட்டு என்று நினைத்துவிட வேண்டாம். மெக்கானிக்கல், சிவில் நண்பர்களுக்கு நன்கு தெரிந்த ஆட்டோகேட் மென்பொருளை வைத்தே அமெரிக்காவில் ஒரு பெரிய வழக்கு நடந்தது. ஒரு கட்டட வடிவமைப்பு நிறுவனம் பயன்படுத்திவிட்டு ஒதுக்கிய ஆட்டோகேட் 14 பிரதிகளை வெர்னர் என்பவர் விலைக்கு வாங்கி, இணைய ஏலத்தில் விற்கப் போட்டார். 'அந்த நிறுவனத்துக்கு நாங்கள் தந்தது உரிமம்தான், அதை விற்க அவர்களுக்கே அதிகாரம் இல்லை, பிறகு நீ எப்படி விற்பாய்?' என்று ஆட்டோடெஸ்க் தடுத்தது. 2008-ல் கீழ் நீதிமன்றம் வெர்னர் பக்கம் நின்றது. 2010-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை மாற்றி, ஆட்டோடெஸ்க் சொன்னதே சரி என்றது.

ஆனால் 2012-ல் ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம் யூஸ்டுசாஃப்ட், ஆரக்கிள் நிறுவனங்களுக்கு இடையிலான வழக்கில் வேறு மாதிரிச் சொன்னது. பணம் வாங்கிக்கொண்டு காலவரம்பின்றிப் பயன்படுத்தக் கொடுத்துவிட்டால் அது விற்பனைதான், வாங்கியவர் மறுபடி விற்கலாம் என்பது அந்தத் தீர்ப்பு. ஒரே மாதிரியான ஒப்பந்தம், ரெண்டு ஊரில் ரெண்டு பொருள்! ஒப்பந்தத்தில் எழுதியிருப்பதெல்லாம் வேதவாக்கு அல்ல என்பதும் இதிலிருந்து தெரிகிறது.

உரிமம் வந்த கதை

ஆரம்ப காலத்தில் கம்ப்யூட்டர் வாங்கினால் மென்பொருளும் கூடவே வரும். 1969-ல் ஐ.பி.எம். நிறுவனம் மென்பொருளைத் தனியாகப் பிரித்து விலை வைக்கப் போவதாக அறிவித்தது. அப்போதிருந்துதான் மென்பொருள் தனிச் சரக்கு ஆனது.

1976 பிப்ரவரியில் பில் கேட்ஸ் கம்ப்யூட்டர் ஆர்வலர்களுக்கு ஒரு திறந்த கடிதம் எழுதினார். ஆல்டேர் கணிப்பொறிக்காகத் தாங்கள் எழுதிய பேசிக் மொழியைப் பலர் காசு கொடுக்காமல் நகல் எடுத்துக்கொள்கிறார்கள், இப்படியே போனால் நல்ல மென்பொருள் எழுத யார் வருவார்கள் என்பது அவரது கேள்வி. அந்தக் கேள்வியில் நியாயம் இல்லாமல் இல்லை. உழைத்தவனுக்குக் கூலி வேண்டும்தானே! அந்த வருமானத்தைக் காக்க வந்த வேலிதான் உரிம ஒப்பந்தம். ஆனால் போகப் போக அந்த வேலி நம் வீட்டு முற்றம் வரைக்கும் நகர்ந்து வந்தது.

பிளாப்பி, சி.டி. காலத்தில் ஒப்பந்தம் பெட்டிக்குள்ளே இருக்கும். 'இந்த உறையைப் பிரித்தாலே நீங்கள் சம்மதித்ததாகப் பொருள்' என்று எழுதியிருக்கும். பிரித்தால்தானே உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று படிக்க முடியும்? 1996-ல் புரோ சி.டி. வழக்கில் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம், பிரித்துப் படித்த பிறகு பிடிக்கவில்லையென்றால் திருப்பித் தர வாய்ப்பு இருப்பதால் அந்த ஒப்பந்தம் செல்லும் என்றது. 2002-ல் நெட்ஸ்கேப் வழக்கில் இன்னொரு மேல்முறையீட்டு நீதிமன்றம், டவுன்லோடு பட்டனுக்குக் கீழே கண்ணில் படாத இடத்தில் நிபந்தனையை ஒளித்து வைத்தால் அது சம்மதம் ஆகாது என்றது. இன்று எல்லா நிறுவனங்களும் 'அக்செப்ட்' பட்டனை நாம் கட்டாயம் அழுத்தும்படி வைப்பதற்கு இப்படிப்பட்ட தீர்ப்புகளும் ஒரு காரணம்.

திருப்பித் தருவது என்றதும் ஒரு சுவையான செய்தி. அன்றைய விண்டோஸ் ஒப்பந்தத்தில், சம்மதம் இல்லையென்றால் கம்ப்யூட்டர் தயாரித்தவரிடம் பணத்தைத் திரும்பக் கேட்கலாம் என்று ஒரு வரி இருந்தது. லினக்ஸ் பயன்படுத்துபவர்கள் சிலர் அதைப் படித்துவிட்டார்கள்! 1999 பிப்ரவரி 15 அன்று கலிபோர்னியாவில் மைக்ரோசாஃப்ட் அலுவலகத்தின் முன் கூடி, 'நாங்கள் விண்டோஸைப் பயன்படுத்தவில்லை, பணத்தைக் கொடுங்கள்' என்று கேட்டார்கள். 'விண்டோஸ் ரீஃபண்ட் டே' என்று அது பெயர் பெற்றது. ஒப்பந்தத்தைப் படித்தவனுக்குத்தான் அதிலுள்ள தன் உரிமையும் தெரியும் என்பதற்கு இது நல்ல உதாரணம்.

உள்ளே என்னதான் எழுதியிருக்கிறது?

விண்டோஸ் போன்ற ஒப்பந்தங்களில் சாதாரணமாக இருக்கும் விஷயங்களை ஐந்தாகப் பிரிக்கலாம்.

ஒன்று, எத்தனை கம்ப்யூட்டர். ஒரு உரிமத்துக்கு ஒரு கம்ப்யூட்டர்தான். புதுக் கம்ப்யூட்டரோடு சேர்ந்து வரும் விண்டோஸ் அந்தக் கம்ப்யூட்டரோடு மட்டுமே கைமாறலாம். தனியாகப் பெட்டியில் வாங்கியதை வேறு கம்ப்யூட்டருக்கு மாற்றலாம், ஆனால் பழையதில் இருந்து எடுத்துவிட வேண்டும்.

இரண்டு, என்ன செய்யக் கூடாது. நகல் எடுத்து விற்கக் கூடாது, வாடகைக்கு விடக் கூடாது, உள்ளே பிரித்துப் பார்க்கக் கூடாது என்பவை.

மூன்று, பொறுப்பு. மென்பொருள் பழுதாகி நமக்கு நஷ்டம் வந்தால் நிறுவனம் எவ்வளவு தரும்? விண்டோஸ் எக்ஸ்பி ஒப்பந்தத்தில் நாம் கொடுத்த தொகை அல்லது 5 டாலர், இதில் எது அதிகமோ அதுவரைதான் என்று வரம்பு போட்டிருந்தார்கள். நம் புராஜெக்ட் முழுசும் அழிந்துபோனாலும் கணக்கு இதுதான்.

நான்கு, அப்டேட். விண்டோஸ் 10 ஒப்பந்தம், மென்பொருள் தானாகவே அப்டேட்டைத் தேடி, இறக்கி, போட்டுக்கொள்ளும், இதற்கு மறுபடி நம்மைக் கேட்க வேண்டியதில்லை என்று சொல்கிறது. இதன் விதை 2002-லேயே விழுந்துவிட்டது. அப்போது வந்த விண்டோஸ் 2000 மூன்றாம் சர்வீஸ் பேக்கின் ஒப்பந்தத்தில், நம் கம்ப்யூட்டரில் உள்ள பதிப்பைத் தானாகச் சோதித்துத் திருத்தங்களை இறக்கிக்கொள்ள நாம் சம்மதிக்கிறோம் என்று ஒரு வாசகம் சேர்க்கப்பட்டு, அது பெரிய விவாதமானது. நிர்வாகிகளுக்கு வந்த தர்மசங்கடம் என்னவென்றால், பாதுகாப்புத் திருத்தம் வேண்டுமென்றால் அந்த வாசகத்துக்கும் சேர்த்துத் தலையாட்ட வேண்டும்.

ஐந்து, தகவல். இதுதான் நம் அந்தரங்கத்தைத் தொடும் இடம். 'இந்த ஒப்பந்தத்தை ஏற்பதன் மூலம், எங்கள் தனியுரிமை அறிக்கையில் சொல்லியபடி தகவலைத் திரட்டவும் பயன்படுத்தவும் வெளியிடவும் சம்மதிக்கிறீர்கள்' என்ற கருத்தில் ஒரு பத்தி இருக்கும். விவரம் எல்லாம் அந்த இன்னொரு அறிக்கையில்தான். அந்த அறிக்கை அவ்வப்போது மாறும். ஒரு தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டு, விஷயத்தை வேறொரு தாளில் வைப்பது போலத்தான் இது!

இந்த இடத்தில் என் வீட்டு விஷயம் ஒன்றைச் சொல்ல வேண்டும். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் தாண்டிப் படிக்க வந்தவன் நான் ஒருவன்தான். அப்பாவுக்குத் தன் பெயரை மட்டும் எழுதத் தெரியும். ஒரு வட்டிக்கடையில் அவர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த தாளில் வட்டி எவ்வளவு என்று எழுதியிருக்கிறது என்பது கடன் முடிகிற நேரத்தில்தான் எங்களுக்குத் தெரிந்தது. படிக்கத் தெரியாததால் அவர் போட்ட கையெழுத்து அது. இன்று ரேஷன் கார்டு முதல் ஆஸ்பத்திரிச் சீட்டு வரை வீட்டுக்கு வரும் எந்தத் தாளையும் 'நீ படிச்சுச் சொல்லுப்பா' என்று என்னிடம்தான் கொடுக்கிறார்கள். உங்களில் பலர் வீட்டிலும் இதே நிலைதான் என்பதை நான் அறிவேன். அம்மாவின் போனை முதலில் திறந்து செட் பண்ணுவதும் நாம்தானே? அதில் வரும் 'ஐ அக்ரீ' பட்டனை அம்மா சார்பில் அழுத்துவதும் நாம்தான். ஆகவே இது நம் ஒருவருடைய சம்மதத்தைப் பற்றிய விஷயம் மட்டும் அல்ல.

கம்ப்யூட்டர் ரகசியமாய்ப் பேசிய கதைகள்

இயங்குதளம் நம்மைப் பற்றித் தன் எஜமானரிடம் பேசுகிறது என்பது பெரிதாக வெளியே வந்தது 1999 மார்ச்சில். விண்டோஸ் 98-ல் 'ரெஜிஸ்ட்ரேஷன் விஸார்டு' என்று ஒரு பகுதி இருந்தது. நம் கம்ப்யூட்டரின் உறுப்புகள் பற்றிய தகவலை அனுப்பலாமா என்று அது கேட்கும். 'வேண்டாம்' என்று சொன்னாலும் அந்தக் கம்ப்யூட்டருக்கே உரிய ஒரு அடையாள எண் மைக்ரோசாஃப்டுக்குப் போய்க்கொண்டிருந்தது! ரிச்சர்ட் ஸ்மித் என்ற அமெரிக்க மென்பொருள் வல்லுநர் இதைக் கண்டுபிடித்துச் சொன்னார். இது தவறுதலாக நடந்த பிழை, சரிசெய்கிறோம், அப்படி வந்த எண்களை அழித்துவிடுகிறோம் என்று மைக்ரோசாஃப்ட் சொன்னது.

வெறும் எண்தானே, அதில் என்ன போச்சு என்று கேட்கலாம். நெட்வொர்க் பாடத்தில் மேக் அட்ரஸ் படித்திருக்கிறோம். 48 பிட். முதல் 24 பிட் தயாரிப்பாளருக்கு உரியது, மீதி அந்தக் கார்டுக்கு உரியது. உலகத்தில் ஒவ்வொரு கார்டுக்கும் தனித்தனி எண் என்பதே ஏற்பாடு. அதே சமயத்தில் தெரிய வந்த இன்னொரு விஷயம், ஆபீஸ் 97-ல் தயாரிக்கும் வேர்டு, எக்ஸல் கோப்புகளுக்குள்ளும் இந்த மேக் எண் கலந்த ஒரு அடையாளம் ஒளிந்திருந்தது என்பது. இப்போது ரெண்டையும் சேர்த்துப் பாருங்கள். பதிவு செய்தபோது பெயர், விலாசத்தோடு ஒரு எண் போகிறது. அதே எண் நாம் எழுதும் ஒவ்வொரு கடிதத்திலும் இருக்கிறது. பெயர் போடாமல் ஒருவர் ஒரு முறைகேட்டைப் பற்றிக் கடிதம் எழுதினாலும், எழுதியவர் யார் என்று தேடிப்பிடிக்க வழி பிறந்துவிட்டது. தனியாகப் பார்த்தால் ஒன்றுமில்லாத எண், இன்னொரு பட்டியலோடு சேரும்போது ஆளைக் காட்டிக் கொடுத்துவிடும். அந்தரங்கம் பற்றிய பாடத்தில் இதுதான் அரிச்சுவடி.

2001-ல் வந்த விண்டோஸ் எக்ஸ்பி 'ஆக்டிவேஷன்' முறையைக் கொண்டு வந்தது. கம்ப்யூட்டரின் உறுப்புகளை வைத்து ஒரு எண் கணக்கிடப்படும். 30 நாளுக்குள் அதை அனுப்பி உரிமத்தை உறுதி செய்ய வேண்டும். 2006-ல், திருட்டுப் பிரதியா என்று சோதிக்கும் 'ஜெனுயின் அட்வான்டேஜ்' என்ற நிரல், தினமும் மைக்ரோசாஃப்டோடு தொடர்புகொள்வது தெரிய வந்தது. இதைத் தங்களிடம் சரியாகச் சொல்லவில்லை என்று அமெரிக்காவில் பயனர்கள் வழக்குப் போட்டார்கள். பிறகு அந்தப் பழக்கம் மாற்றப்பட்டது.

2015 ஜூலை 29-ல் விண்டோஸ் 10 வந்தது. பழைய விண்டோஸ் வைத்திருந்தவர்களுக்கு ஓராண்டு வரை இலவசம். கூடவே 'டெலிமெட்ரி' என்ற சொல்லும் பிரபலமானது. கம்ப்யூட்டர் எப்படி இயங்குகிறது, எந்த நிரல் எவ்வளவு நேரம் ஓடுகிறது, எங்கே தடுமாறுகிறது என்ற தகவல் தானாகத் திரும்பிப் போவதற்குப் பெயர் டெலிமெட்ரி. விளம்பரத்துக்கென ஒவ்வொருவருக்கும் ஒரு அடையாள எண்ணும், நாம் கேட்காமலேயே, போடப்பட்டிருந்தது. சாதாரணப் பயனரால் டெலிமெட்ரியைக் குறைக்க முடிந்ததே தவிர முழுசாக நிறுத்த வழி தரப்படவில்லை.

பிரான்ஸ் நாட்டின் தகவல் பாதுகாப்பு அமைப்பான சி.என்.ஐ.எல். 2016 ஜூலையில் மைக்ரோசாஃப்டுக்கு நோட்டீஸ் அனுப்பியது. தேவைக்கு மேல் தகவல் எடுக்கிறீர்கள், சம்மதம் கேட்காமல் விளம்பர எண் போடுகிறீர்கள், மூன்று மாதத்தில் திருத்துங்கள் என்றது. பலன் கிடைத்தது. 2017 ஏப்ரலில் வந்த புதிய பதிப்பில் அந்தரங்க அமைப்புகளைத் தனித்தனியாகக் கேட்கும் திரை வந்தது. அடிப்படை நிலையில் என்னென்ன எடுக்கிறோம் என்ற பட்டியலும் வெளியிடப்பட்டது. அந்த நிலையில் திரட்டும் தகவலின் அளவு ஏறக்குறையப் பாதியாகக் குறைந்துவிட்டது என்று சொல்லி, 2017 ஜூனில் சி.என்.ஐ.எல். அந்தக் கோப்பை முடித்தது. பாதியாகக் குறைத்தும் விண்டோஸ் நன்றாகத்தான் ஓடியது. அப்படியானால் அந்தப் பாதி எதற்காக எடுக்கப்பட்டது என்று நாம் கேட்கலாம் அல்லவா?

சமீபத்தில் 2024 மே மாதம் 'ரீகால்' என்ற வசதி அறிவிக்கப்பட்டது. சில வினாடிக்கு ஒருமுறை நம் திரையைப் படமெடுத்துச் சேமித்து, பிறகு தேடித் தரும். கம்ப்யூட்டருக்குள்ளேயே சேமித்தாலும், அந்தச் சேமிப்பைப் பிறர் எளிதாக எடுத்துவிடலாம் என்று வல்லுநர்கள் காட்டினார்கள். எதிர்ப்பு வலுக்கவே வெளியீடு தள்ளிப்போடப்பட்டது. நாமாக விரும்பிச் சேர்ந்தால் மட்டுமே இயங்கும்படி மாற்றப்பட்டு, 2025 ஏப்ரலில்தான் அது வெளியானது.

மைக்ரோசாஃப்ட் ஒன்றுதான் இப்படியா? இல்லை. 2020 நவம்பரில் ஆப்பிளின் ஒரு சர்வர் திணறியபோது உலகெங்கும் மேக் கம்ப்யூட்டர்களில் நிரல்கள் திறக்கத் தாமதமாயின. நிரலைத் திறக்கும்போது அதன் சான்றிதழைச் சரிபார்க்கக் கம்ப்யூட்டர் ஆப்பிளோடு பேசுகிறது என்பது பலருக்கு அப்போதுதான் தெரிந்தது. அதற்காக ஐ.பி. முகவரியைப் பதிந்து வைப்பதை நிறுத்துவதாக ஆப்பிள் அறிவித்தது. நம் வீடுகளில் அதிகம் இருக்கும் ஆண்ட்ராய்டை எடுத்துக்கொண்டால், 'லொகேஷன் ஹிஸ்டரி'யை அணைத்த பிறகும் வேறொரு அமைப்பின் வழியாக இருப்பிடம் பதிவாகி வந்தது. இதற்காக 2022 நவம்பரில் கூகுள் அமெரிக்காவின் 40 மாநிலங்களுக்கு 39 கோடியே 15 லட்சம் டாலர் தர ஒத்துக்கொண்டது.

நாணயத்தின் மறுபக்கம்

கம்பெனி எல்லாம் கெட்டவை என்று சொல்வது இக்கட்டுரையின் நோக்கம் அல்ல. கோடிக்கணக்கான கம்ப்யூட்டர்களில் எந்த டிரைவர் எங்கே பழுதாகிறது என்று தெரியாமல் திருத்தம் எழுத முடியாது. 2017 மே 12-ல் 'வான்னாக்ரை' என்ற நிரல் உலகெங்கும் கம்ப்யூட்டர்களைப் பூட்டிப் பணம் கேட்டது. இங்கிலாந்தின் அரசு மருத்துவமனைகள்கூடத் திணறின. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் மார்ச் மாதமே வெளியிட்டிருந்தது. அதைப் போடாதவர்கள்தான் மாட்டிக்கொண்டார்கள். அந்தரங்கத்துக்குப் பயந்து அப்டேட்டை மொத்தமாக நிறுத்துவது, கொசுவுக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துவது போலாகும்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். நம்மில் சிலர், 'ஒப்பந்தம் எல்லாம் காசு கொடுத்தவனுக்குத்தானே, நாம கிராக் போட்டுட்டா முடிஞ்சுது' என்கிறார்கள். யோசித்துப் பாருங்கள். கிராக் போடும்போது முதல் வேலையாக ஆன்டி வைரஸை அணைக்கச் சொல்கிறார்கள். பெயர் தெரியாத ஒருவர் எழுதிய நிரலுக்கு நிர்வாகி அதிகாரம் கொடுக்கிறோம். கம்பெனியாவது பொடி எழுத்தில் எழுதியாவது வைக்கிறான். இவன் எதையும் எழுதி வைப்பதில்லை. சட்டமும் இதை விடுவதில்லை. நமது 1957-ஆம் வருடக் காப்புரிமைச் சட்டத்தின் 63பி பிரிவின்படி, திருட்டுப் பிரதி என்று தெரிந்தே கம்ப்யூட்டரில் பயன்படுத்தினால் 7 நாள் முதல் 3 ஆண்டு வரை சிறையும், 50,000 ரூபாய் முதல் 2 லட்சம் வரை அபராதமும் உண்டு. அதே சட்டத்தின் 52-ஆம் பிரிவு, முறையாக வைத்திருக்கும் மென்பொருளுக்குப் பாதுகாப்புக்காக நகல் எடுத்துக்கொள்ளவும், அது எப்படி இயங்குகிறது என்று கவனித்துப் படித்து அறியவும் இடம் தருகிறது. மாணவர்களாகிய நாம் மறக்கக் கூடாத பிரிவு அது.

வேறு வழி உண்டா?

உண்டு. லினக்ஸ் போன்ற கட்டற்ற மென்பொருட்கள் பெரும்பாலும் 'ஜி.பி.எல்.' என்ற உரிமத்தின் கீழ் வருகின்றன. 1989-ல் ரிச்சர்ட் ஸ்டால்மன் எழுதிய உரிமம் இது. பயன்படுத்து, படித்துப் பார், பிறருக்குக் கொடு, மாற்றி எழுது என்கிறது. இயக்கிப் பார்ப்பதற்கு இந்த உரிமத்தை ஏற்கத் தேவையே இல்லை என்று இதன் மூன்றாம் பதிப்பு தெளிவாகச் சொல்கிறது. பிறருக்கு வழங்கும்போதுதான் நிபந்தனை. சி-டாக் நிறுவனத்தின் சென்னை மையத்தில் உருவான 'பாஸ் லினக்ஸ்' இந்த வழியில் வந்ததுதான். தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினிகள் பலவற்றில் விண்டோஸோடு அதுவும் போட்டுத் தரப்பட்டது.

ஆனால் லினக்ஸ் என்றாலே அந்தரங்கம் பத்திரம் என்று கண்ணை மூடிக்கொள்ளவும் முடியாது. 2012 அக்டோபரில் வந்த உபுண்டு 12.10-ல், நம் கம்ப்யூட்டருக்குள் நாம் தேடும் சொல் வெளியே போய், அமேசான் பொருட்களும் விடையாக வந்தன. ஸ்டால்மனே அதை உளவு மென்பொருள் என்று கண்டித்தார். 2016-ல் வந்த 16.04 பதிப்பில் அது தானாக இயங்காதபடி அணைக்கப்பட்டது. மூல நிரல் திறந்திருப்பதால் இத்தகைய விஷயத்தை யார் வேண்டுமானாலும் பார்த்துச் சொல்லலாம், நீக்கியும் விடலாம். நன்மை அதுதான். ஆனால் பார்ப்பதற்கு ஆள் வேண்டுமே!

நம் நாட்டுச் சட்டம் என்ன சொல்கிறது?

1872-ஆம் வருட இந்திய ஒப்பந்தச் சட்டப்படி, ஒப்பந்தம் செய்ய 18 வயது நிறைந்திருக்க வேண்டும். மைனர் செய்த ஒப்பந்தம் ஆரம்பத்திலிருந்தே செல்லாது என்று 1903-ல் பிரிவி கவுன்சில் தீர்ப்பளித்தது. பத்தாம் வகுப்பு முடித்து நேராக இங்கு வரும் முதலாண்டுத் தம்பி, தங்கைகளுக்கு வயது 15, 16தான். அவர்களும் தினம் 'ஐ அக்ரீ' அழுத்துகிறார்கள். எனக்கு இந்த ஆண்டுதான் 18 நிறைந்தது. இனி நான் அழுத்துவதற்குச் சட்டப்படி மதிப்பு உண்டு என்று நினைத்தால் கொஞ்சம் பயமாகத்தான் இருக்கிறது. மின்னணு முறையில் செய்தது என்பதற்காகவே ஒரு ஒப்பந்தம் செல்லாமல் போகாது என்று தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 10ஏ பிரிவு கூறுகிறது.

2017 ஆகஸ்ட் 24-ல் புட்டசாமி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள், அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தார்கள். அதன் தொடர்ச்சியாக 2023-ல் எண்ணியல் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் வந்தது. சம்மதம் என்பது தெளிவாகவும், குறிப்பிட்ட நோக்கத்துக்காகவும், வற்புறுத்தல் இல்லாமலும் இருக்க வேண்டும் என்கிறது. கொடுத்தது எவ்வளவு எளிதோ அவ்வளவு எளிதாகத் திரும்பப் பெறவும் வழி வேண்டும். 18 வயது நிறையாதவர் என்றால் பெற்றோர் சம்மதம் வேண்டும்.

எல்லாவற்றையும் விட நமக்கு முக்கியமான பகுதி ஒன்று உண்டு. சம்மதம் கேட்கும் வாசகம் எளிய மொழியில் இருக்க வேண்டும், அதை ஆங்கிலத்திலோ அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையில் உள்ள எந்த மொழியிலோ படிக்க வாய்ப்பளிக்க வேண்டும் என்கிறது அச்சட்டம். அந்த அட்டவணையில் தமிழும் இருக்கிறது! 2025 நவம்பரில் இதற்கான விதிகள் வெளியாயின. நிறுவனங்களின் முக்கியக் கடமைகள் நடைமுறைக்கு வர 18 மாத அவகாசம் தரப்பட்டுள்ளது. அந்த நாள் வரும்போது, தமிழில் காட்டு என்று கேட்கிறவர்கள் இருந்தால்தான் அந்த வரிக்கு உயிர் வரும்.

நாம் செய்ய வேண்டியவை

முழு ஒப்பந்தத்தையும் படிக்க நேரமில்லை என்பது உண்மைதான். ஆகவே சுருக்கமான வழிகள் சில:

1. ஒப்பந்தத்தில் 'கலெக்ட்', 'ஷேர்', 'தேர்டு பார்ட்டி', 'அப்டேட்', 'டெர்மினேட்' என்ற சொற்கள் வரும் இடங்களை மட்டுமாவது தேடிப் படியுங்கள். பத்து நிமிடம் போதும். புரியாத வார்த்தைக்கு அகராதி இருக்கிறது.

2. விண்டோஸ் போடும்போது வரும் அந்தரங்கத் திரையில் ஒவ்வொன்றையும் பார்த்து, தேவையில்லாததை அணையுங்கள். விண்டோஸ் 11-ல் 'ஆப்ஷனல் டயக்னாஸ்டிக் டேட்டா', 'அட்வர்டைஸிங் ஐ.டி.' ரெண்டையும் பிரைவசி அமைப்பில் அணைக்கலாம். 'டயக்னாஸ்டிக் டேட்டா வியூவர்' மூலம் என்ன போகிறது என்று கண்ணாலேயே பார்க்கலாம்.

3. ஆண்ட்ராய்டு போனில் விளம்பர எண்ணை அழித்துவிடுங்கள். எந்தச் செயலிக்கு இருப்பிடம், மைக், தொடர்பு எண்கள் பார்க்க அனுமதி இருக்கிறது என்று மாதம் ஒருமுறை பாருங்கள். டார்ச் லைட் செயலிக்கு நம் தொடர்பு எண்கள் எதற்கு?

4. பாதுகாப்பு அப்டேட்டை நிறுத்தாதீர்கள். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது. பழைய கம்ப்யூட்டர் விண்டோஸ் 11-ஐத் தாங்காது என்றால் லினக்ஸ் போட்டுப் பாருங்கள்.

5. சர்வீஸ் கடையிலோ கம்பெனியிலோ வேலைக்குப் போனபின் வாடிக்கையாளருக்காக நாம் 'அக்செப்ட்' அழுத்துவோம். அப்போது, 'அண்ணே, இது இன்னின்ன தகவலை அனுப்பும், வேணுமா, வேண்டாமா?' என்று ஒரு வார்த்தை அவரைக் கேட்டுவிட்டு அழுத்துங்கள்.

6. வீட்டில் அம்மா, அப்பா போனை செட் பண்ணும்போதும் அதே மாதிரி கேளுங்கள். அவர்களுக்குப் புரியாது என்று நினைக்காதீர்கள். 'நீ எங்கே போறேன்னு இது குறிச்சு வச்சுக்கும்மா' என்று சொன்னால் எந்த அம்மாவுக்கும் புரியும்.

முடிவுரை

உரிம ஒப்பந்தம் நம்மைக் கேட்டு எழுதப்படுவதில்லை. அதில் ஒரு வரியைக்கூட நம்மால் அடித்துத் திருத்த முடியாது. ஆனால் மேலே பார்த்த ஒவ்வொரு கதையிலும், யாரோ சிலர் படித்தார்கள், சோதித்தார்கள், கேள்வி கேட்டார்கள். அதன் பிறகுதான் திருத்தம் வந்தது. 1999-ல் ரிச்சர்ட் ஸ்மித்துக்குத் தெரிந்த தொழில்நுட்பத்தின் அடிப்படை நம் பாடப்புத்தகத்திலும் இருக்கிறது. நெட்வொர்க்கில் போகும் பாக்கெட்டைப் பார்க்கும் மென்பொருளும் இலவசமாகவே கிடைக்கிறது. இறுதியாண்டு புராஜெக்ட் தேடும் நண்பர்கள், 'சும்மா இருக்கும்போது நம் கம்ப்யூட்டர் யார் யாரிடம் பேசுகிறது' என்பதையே தலைப்பாக எடுத்துக்கொள்ளலாமே! தேர்வு செய்பவர்கள் சொன்னால் அடுத்த மலரில் அந்த முடிவுகளைப் படிக்க நான் ஆவலாக இருக்கிறேன்.

நம் பெற்றோர் படிக்க முடியாமல் கையெழுத்துப் போட்டார்கள். நமக்குப் படிக்கத் தெரியும். அடுத்த முறை அந்தத் திரை வரும்போது பத்து நிமிடம் நிறுத்திப் படிப்போம்.